கோல்செஸ்டரின் கதை ரோமானியரிடம் தொடங்கவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் இங்கிலாந்துப் பயணக் கட்டுரை, கோல்செஸ்டரை ‘ரோமானியர் உருவாக்கிய ஊர்’ என்று ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிட்டது. கி.பி. 43-இல் பேரரசர் கிளாடியஸ் படையுடன் நுழைந்தபோதே அது அந்நாட்டுப் பழங்குடி அரசின் தலைநகர். கமுலோஸ் என்னும் போர்த் தெய்வத்தின் கோட்டை எனப் பொருள்படும் கமுலோடூனம் என்பது அதன் அன்றைய பெயர். அங்கிருந்து ஆண்ட குனோபெலின் என்னும் மன்னன், அந்தப் பெயரின் முதலெழுத்துகளையும் ஒரு தானியக் கதிரையும் பொறித்துப் பொற்காசுகள் வெளியிட்டிருந்தான். அக்காலத்து அகழிகளும் மண்கரைகளும் ஊரின் மேற்கே இன்றும் காணக் கிடைக்கின்றன.

கி.பி. 49-இல் ஓய்வுபெற்ற ரோமானியப் படைவீரர்களின் குடியேற்றமாக மாறிய ஊரை, 60-61-இல் பிரித்தானியப் பழங்குடி அரசி பூடிகாவின் தலைமையில் ரோமானியரை எதிர்த்துக் கிளர்ந்தெழுந்தவர்கள் கொளுத்தினார்கள். தெய்வமாக்கப்பட்ட பேரரசர் கிளாடியஸின் கோயிலுக்குள் தஞ்சம் புகுந்த ரோமானியர் இரண்டு நாள் தாக்குப்பிடித்ததாக ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதியிருக்கிறார். அந்தத் தீயில் வெந்து சிவந்த மண்ணடுக்கு ஊருக்கு அடியில் இன்னமும் இருக்கிறது. கடல் கடந்து வந்த பேரீச்சம்பழம்கூடக் கரிக்கட்டையாக அதில் கிடைத்தது.

கோயிலின் அடிப்பீடத்தின் மேல்தான் 11-ஆம் நூற்றாண்டில் நார்மானியர், ரோமானியச் செங்கற்களையே பெயர்த்தெடுத்துத் தங்கள் பெருங்கோட்டையை எழுப்பினார்கள். 1683-இல் அதை இடித்து விற்பதற்கென்றே வாங்கியவர், மேல்பகுதியை மட்டும் இடித்து, அடியில் மணல் நிரம்பிய அறைகளைக் குடைந்து, கடைசியில் கைவிட்டார். அவர் குடைந்தது கோயிலின் பீடம் என்பது 1920-ஐ ஒட்டித்தான் தெளிவாயிற்று. அதைக் கண்டறிந்த இருவருள் ஒருவர், 1945-இல் நம் அரிக்கமேட்டில் அகழாய்வு நடத்திய மார்ட்டிமர் வீலர். தமிழ் இதழில் வந்த கட்டுரை இதை விட்டுவிட்டதே என்பதுதான் என் பெரிய குறை.

16-ஆம் நூற்றாண்டில் இன்றைய பெல்ஜியப் பகுதியிலிருந்து அடைக்கலம் தேடி வந்த பிளெமிஷ் நெசவாளர்கள் ஊரின் துணி வாணிகத்தை வளர்த்ததையும், உள்நாட்டுப் போரின்போது 1648-இல் ஊர் 11 வாரம் முற்றுகையில் கிடந்ததையும் இடப்பற்றாக்குறையால் விட்டிருக்கலாம். அதில் எனக்கு மனத்தாங்கல் இல்லை. ஆனால் பிரிட்டனில் இதுவரை அறியப்பட்ட ஒரே ரோமானியத் தேரோட்டக் களம் 2004-இல் அங்கே படைமுகாம் நிலத்தில் வெளிப்பட்டதை, பயணக் கட்டுரை என்ற முறையிலேனும் சொல்லியிருக்க வேண்டும்.

மேலும் ஒரு திருத்தம்: எலிசபெத் அரசி அரியணையேறி 70 ஆண்டு நிறைந்ததையொட்டி 2022-இல் கோல்செஸ்டருக்கு மாநகரத் தகுதி வழங்கப்பட்டுவிட்டது. கட்டுரையில் வரும் ‘சிறு நகரம்’ என்ற சொல்லையும் அடுத்த இதழில் திருத்தி வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்