செயலாளர் ஆண்டறிக்கை: கடல்தாழையைக் காப்பாற்றாமல் கடல்பசு இல்லை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். இந்த ஆண்டு நம் சங்க வேலை பெரும்பாலும் பாக் விரிகுடாவின் கடல்தாழையை, அதாவது கடலடித் தரையில் வளரும் கடற்புல்லைச் சுற்றியே நடந்தது. அலையாத்திக் காட்டை வெட்டினால் சாலையில் போகிறவருக்கும் தெரிந்துவிடும், தண்ணீருக்கடியில் தாழை அழிவதோ வலை போடுகிறவருக்கு மட்டும்தான் தெரியும், அவர் சொல்வதைக் கேட்கத்தான் ஆளில்லை.

2022-இல் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டரைக் கடல்பசுப் பாதுகாப்பகமாக அரசு அறிவித்தது. நாட்டிலேயே முதலாவது, மனதார வரவேற்றோம். ஆனால் அறிவிப்பு மட்டும் போதாது, தாழையும் இருக்க வேண்டும். வளர்ந்த கடல்பசு நாளுக்கு 30 கிலோ அளவுக்குத் தாழை மேயும், சில வருடங்களுக்கு ஒருமுறைதான் ஒரு குட்டி போடும். விசைப்படகு இழுத்துச் செல்லும் இழுவைமடி வலை கடல் தரையை வாரிக்கொண்டு போகும்போது தாழை வேரோடு பெயர்ந்துவிடுகிறது, இறால் குஞ்சும் நண்டும் ஒதுங்க இடமில்லாமல் போகிறது, அப்புறம் நாட்டுப்படகுக்காரருக்கு என்ன கிடைக்கும்? இரண்டு படகு சேர்ந்து ஒரே வலையை இழுக்கும் இரட்டைமடிக்குத் தடை இருக்கிறது. 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்துக்குக் காட்டும் கண்டிப்பை இதற்கும் காட்டுங்கள் என்று மனு கொடுத்திருக்கிறோம், பதில் இன்னும் வரவில்லை.

மீனவக் கிராமக் கூட்டங்களில் நாம் அதிகம் பேசியது வலையில் சிக்கும் கடல்பசுவைப் பற்றி. அது மூச்சு விட மேலே வந்தாக வேண்டும், வலைக்குள் மாட்டினால் சில நிமிடங்களில் மூச்சடைத்துச் செத்துவிடும், அதனால் யோசிக்காமல் வலையை அறுத்துவிடச் சொல்கிறோம். விடுவித்தவர்களுக்கு வனத்துறை பரிசு தருகிறது, சரி, ஆனால் அறுத்த வலையின் விலையையும் முழுசாகக் கொடுப்பதுதான் நியாயம். பிழைப்புக்கான வலையைத் தியாகம் செய்கிறவருக்குப் பாராட்டு மட்டும் போதாது.

இறால் பண்ணைக் கழிவுநீர் கழிமுகத்தில் கலப்பது நிற்கவில்லை. கலங்கிய நீரில் வெயில் இறங்காது, வெயில் இல்லாமல் தாழை வளராது. இதற்கும் மனு போயிருக்கிறது.

அலையாத்திக் கன்று நடுவதை இந்த ஆண்டு நிறுத்திவைத்தோம். முத்துப்பேட்டையில் வாய்க்கால் வெட்டி, கடல் ஏறி இறங்கும் ஓதநீர் உள்ளே போய்வர வழி செய்த பிறகுதான் காடு திரும்பியது, வாய்க்கால் இல்லாமல் நடுவது படம் எடுக்க மட்டுமே உதவும்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். வலைக்கு முழு இழப்பீடு கேட்கும் தீர்மானத்தைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.