மெசேஜ் அனுப்பறவனுக்கு வாங்கறவன் யாருன்னு தெரிய வேணாம்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

நம்ம பேப்பர்ல மாணவர் பக்கத்துல காலேஜ் பசங்க செஞ்ச தண்ணி தொட்டி கருவி, ஃபோன்ல இருந்தே மோட்டார் போடற கருவின்னு படத்தோட அடிக்கடி வருது, பாக்கவே சந்தோஷமா இருக்கு. எனக்கு குடியாத்தம், சாஃப்ட்வேர் வேலை, லீவு நாள்ல நம்ம பக்கத்து பாலிடெக்னிக் பசங்களுக்கு இந்த மாதிரி ப்ராஜெக்ட்ல கூட உக்காந்து சொல்லித் தர்றேன். அந்தப் பழக்கத்துல ஒண்ணு ஆணித்தரமா சொல்றேன், பசங்களுக்கு சென்சார் தெரியுது, போர்டு தெரியுது, வயரிங் நம்மள விட நல்லாவே பண்றாங்க, ஆனா ஒரு ப்ரோக்ராம் இன்னொரு ப்ரோக்ராம்கிட்ட எப்படி பேசணும்னு மட்டும் யாரும் சொல்லித் தர்றதில்ல, ப்ராஜெக்ட் படுக்கறது அங்கதான்.

எப்படின்னா, தொட்டியில தண்ணி மட்டம் பாக்கற போர்டுல மோட்டார் போர்டோட அட்ரஸை நேரா எழுதி வச்சுடுவாங்க, அதுக்கப்புறம் ஃபோனுக்கும் தகவல் போகணும்னு அதோட அட்ரஸையும் சேப்பாங்க. அடுத்த வாரம் ஊர்ல தொட்டி பாத்துக்கற ஆபரேட்டர் ரூம்ல ஒரு சைரன் வேணும்னு யாராச்சும் கேட்டா திரும்ப தொட்டி மேல ஏறி அந்த போர்டை கழட்டி ப்ரோக்ராமை மாத்தணும். இதுல ஃபோன் ஆஃப் ஆயிருந்தா தொட்டி ப்ரோக்ராம் பதிலுக்கு காத்துக்கினே நிக்கும், மோட்டாருக்கு போக வேண்டிய தகவலும் சேந்து நின்னுடும். சிலபேரு இதுக்கு பயந்து மோட்டார் போர்டு நொடிக்கொரு தடவ தொட்டிய கேட்டுக்கினே இருக்கற மாதிரி எழுதறாங்க, அது அதவிட மோசம், நாள் முழுக்க கேள்வி, தண்ணி ஏறறது என்னவோ ரெண்டு வேளை.

இதுக்கு வழி பப்ளிஷ் சப்ஸ்க்ரைப். காட்பாடி ஜங்ஷன்ல மைக்ல சொல்றவங்களுக்கு ப்ளாட்ஃபார்ம்ல யார் யாரு நிக்கறாங்கன்னு தெரியாது, தெரியவும் வேணாம், அவங்க அவங்க வண்டி பேரு வந்தா அவங்க அவங்க காதுல வாங்கிக்கறாங்க. அதே மாதிரி தொட்டி ப்ரோக்ராம் நடுவுல இருக்கற ப்ரோக்கர்ன்ற ப்ரோக்ராம்கிட்ட டாபிக்னு ஒரு தலைப்பு பேரு போட்டு "மட்டம் 40" அப்படின்னு சொல்லிட்டு தன் வேலைய பாத்துக்கினு போயிடும், அந்த டாபிக்குக்கு சப்ஸ்க்ரைப் பண்ணவங்க எல்லாருக்கும் ப்ரோக்கரே கொண்டு போய் குடுத்துடும். நாளைக்கு சைரன் வந்தாலும் சரி, கணக்கு எழுதற ப்ரோக்ராம் வந்தாலும் சரி, தொட்டி மேல யாரும் ஏற வேணாம்.

ஆரம்பிக்கறவங்களுக்கு நான் சொல்றது எம்க்யூடிடி தான், இந்த முறையில ப்ரோக்ராம்ங்க பேசிக்கறதுக்கான விதிமுறை அது. 1999ல ஆர்லன் நிப்பரும் ஐபிஎம்ல இருந்த ஆண்டி ஸ்டான்ஃபோர்ட் கிளார்க்கும் எண்ணெய் பைப்லைனை சாட்டிலைட் வழியா கண்காணிக்கறதுக்காக செஞ்சது, சாட்டிலைட்ல ஒவ்வொரு பைட்டுக்கும் காசுன்றதால ரொம்ப சின்னதா செஞ்சாங்க, மெசேஜோட தலைப்பகுதி குறைஞ்சது 2 பைட்டு தான். 2014ல ஓயாசிஸ்ன்ற தர அமைப்போட ஸ்டாண்டர்டு ஆச்சு, 2019ல அதோட 5.0 வெர்ஷன் வந்துச்சு. சிக்னல் ஒரு கோடு ரெண்டு கோடு வர்ற பேர்ணாம்பட்டு மலையோரத்து நிலத்துக்கு இது பொருந்தறதுக்கு காரணமே அந்த சிக்கனம்தான். இன்டர்வியூல காஃப்கா காஃப்கான்னு கேக்கறாங்கன்னு பசங்க அதுல போய் விழறாங்க, அதுவும் தகவல் அனுப்பி வாங்கற சாஃப்ட்வேர்தான், லிங்க்டின்ல செஞ்சு 2011ல வெளிய விட்டது, வர்ற தகவலை எல்லாம் சேத்து வச்சு திரும்பத் திரும்ப படிக்கறதுக்கானது, பெரிய கம்பெனிக்கு நல்லது, ஒரு தொட்டிக்கும் ஒரு மோட்டாருக்கும் அது வேணாம்.

க்ளவுட் அக்கவுண்ட், டாஷ்போர்டுன்னு முதல் நாளே போகக்கூடாது. ஒரு பழைய லேப்டாப்ல உபுண்டு போட்டு மொஸ்கிட்டோன்ற ப்ரோக்கரையும் அதோட க்ளையண்ட் கமாண்டுகளையும் இன்ஸ்டால் பண்ணுங்க, காசு கிடையாது. கமாண்டு தட்டற டெர்மினல் விண்டோ ரெண்டு தொறங்க. ஒண்ணுல மொஸ்கிட்டோ சப் கமாண்டு, மைனஸ் டி போட்டு டாபிக் பேரு, என்டர் தட்டினா அது சும்மா காத்துக்கினு இருக்கும். இன்னொண்ணுல மொஸ்கிட்டோ பப் கமாண்டு, அதே டாபிக், மைனஸ் எம் போட்டு மெசேஜ், என்டர் தட்டின உடனே முதல் விண்டோல வந்து நிக்கும். இப்ப மூணாவதா ஒரு விண்டோ தொறந்து அதுலயும் சப்ஸ்க்ரைப் பண்ணுங்க, அனுப்பற விண்டோல ஒரு எழுத்து கூட மாத்தாம ரெண்டு இடத்துலயும் மெசேஜ் வரும். எத்தனை பக்கம் நோட்ஸ் எழுதினாலும் ஏறாதது அந்த எடத்துல பசங்களுக்கு ஏறிடுது, நான் கண்ணால பாக்கறேன்.

அடுத்து டாபிக் பேரு. இதுக்குத்தான் நேரம் செலவு பண்ணணும்னு சொல்லுவேன், ஏன்னா ப்ரோக்ராமை நாளைக்கு மாத்திடலாம், பேரை மாத்தறது கஷ்டம். வேலூர்/குடியாத்தம்/தொட்டி1/மட்டம், இப்படி பெருசுல இருந்து சிறுசா வச்சா ஊர் இருக்கற எடத்துல ப்ளஸ் குறி போட்டு எல்லா ஊர் தொட்டி1 மட்டத்தையும் ஒரே வரியில கேக்கலாம், கடைசியில ஹாஷ் குறி போட்டா அதுக்கு கீழ இருக்கற எல்லாமே வரும். தமிழ்லயே பேரு வைக்கலாம், எம்க்யூடிடில எழுத்து எல்லாம் யுடிஎஃப்-8 தான், அதாவது எல்லா மொழி எழுத்தையும் எழுதற முறை, ப்ரோக்கர் ஒண்ணும் சொல்லாது. ஆரம்பத்துல சாய்கோடு மட்டும் போடாதீங்க, முன்னாடி காலியா ஒரு படி உருவாகி அது வேற டாபிக் ஆயிடும், அப்புறம் மெசேஜ் எங்க போச்சுன்னு தேடிக்கினு இருக்கணும்.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். கேக்கறதுக்கு யாரும் இல்லாதப்ப அனுப்பின மெசேஜ் அப்படியே போயிடும். அதனால ரீடெய்ன்னு ஒண்ணு வச்சிருக்காங்க, அது போட்டு அனுப்பினா அந்த டாபிக்ல கடைசியா வந்த மெசேஜை ப்ரோக்கர் வச்சிருந்து புதுசா சப்ஸ்க்ரைப் பண்றவனுக்கு உடனே குடுக்கும். தண்ணி மட்டத்துக்கு இது ரொம்ப நல்லது. ஆனா "மோட்டார் ஆன்" அப்படின்ற கட்டளைக்கு ரீடெய்ன் போடவே கூடாது ஐயா, இதை கொட்டை எழுத்துல போட்டா கூட தேவல. நம்ம பக்கம் கரண்டு போயி போயி வரும், வந்த உடனே மோட்டார் போர்டு திரும்ப கனெக்ட் ஆகி சப்ஸ்க்ரைப் பண்ணும், ப்ரோக்கர்கிட்ட காலையில போட்ட பழைய "ஆன்" இருக்கும், அதை குடுத்துடும், ராத்திரி யாரும் இல்லாதப்ப மோட்டார் ஓடும், போர்ல தண்ணி இல்லனா காயில் போச்சு. நிலைமைக்கு ரீடெய்ன் உண்டு, கட்டளைக்கு கிடையாது.

மெசேஜ் போய் சேர்றதுக்கு எவ்வளவு உத்தரவாதம்னு சொல்ற க்யூஓஎஸ் 0, 1, 2ன்னு மூணு இருக்குது. 0ன்னா அனுப்பிட்டு மறந்துடும், 1ன்னா கண்டிப்பா போய் சேரும் ஆனா ரெண்டு தடவ கூட வரலாம், 2ன்னா ஒரே ஒரு தடவ, அதுக்கு போக வர பேச்சு அதிகம். பசங்க எல்லாத்துக்கும் 2 போடறாங்க, தேவையில்ல. 1 போடுங்க, ஆனா "மோட்டாரை மாத்து" (ஓடினா நிறுத்து, நின்னா போடு) அப்படின்னு கட்டளை வைக்காம "ஆன்" "ஆஃப்" அப்படின்னு வைங்க, "ஆன்" ரெண்டு தடவ வந்தா ஒண்ணும் ஆகாது, "மாத்து" ரெண்டு தடவ வந்தா போட்டது அணைஞ்சுடும்.

போர்டு செத்துப் போச்சான்னு தெரிஞ்சுக்க லாஸ்ட் வில். கனெக்ட் ஆகும்போதே "நான் போயிட்டா இந்த டாபிக்ல இதை சொல்லிடு" அப்படின்னு ப்ரோக்கர்கிட்ட சொல்லி வச்சுடணும், சொல்லாம கொள்ளாம லைன் போயி, கீப் அலைவ் நேரத்துல (போர்டு இதுக்குள்ள ஒரு தடவ பேசணும்னு வச்ச நேரம்) ஒன்றரை மடங்கு தாண்டினா ப்ரோக்கர் அந்த மெசேஜை எல்லாருக்கும் அனுப்பிடும். இது இல்லாம ப்ராஜெக்ட் குடுத்தா வாத்தியாருங்க மார்க்கை குறைக்கணும்னே சொல்லுவேன், தொட்டி போர்டு செத்தது தெரியாம பழைய மட்டத்தை நம்பிக்கினு இருக்கறது அவ்வளவு ஆபத்து.

பசங்க மாட்டிக்கற எடம் இன்னும் ரெண்டு. ஒருத்தன் எழுதின ப்ரோக்ராமை இன்னொருத்தன் காப்பி பண்ணும்போது க்ளையண்ட் ஐடியும், அதாவது ப்ரோக்கர்கிட்ட போர்டு சொல்ற தன் பேரும், சேந்து வந்துடும், ஒரே ஐடில ரெண்டாவது ஆள் வந்தா ப்ரோக்கர் முதல் ஆளை வெளிய தள்ளிடும், அவன் திரும்ப வந்து இவனை தள்ளுவான், விடிய விடிய இதே நடக்கும், பசங்க வைஃபை சரியில்லனு நெனச்சுக்கினு ரூட்டரை மாத்துவாங்க. இன்னொண்ணு, மொஸ்கிட்டோ 2.0ல இருந்து ஒண்ணும் மாத்தாம ஓட்டினா அந்த லேப்டாப் உள்ள இருந்து மட்டும்தான் பேசும், வெளிய இருக்கற இஎஸ்பி32ன்ற வைஃபை போர்டு கனெக்டே ஆகாது, ப்ரோக்கரோட கான்ஃபிக் ஃபைல்ல லிஸனர் 1883ன்னு (1883ன்றது கனெக்ஷன் வாங்கற வாசல் நம்பர்) எழுதி பாஸ்வேர்டு ஃபைலும் வைக்கணும். இங்கதான் பழைய வீடியோ எதையாச்சும் பாத்து பாஸ்வேர்டே வேணாம்னு தொறந்து விட்டுடறாங்க. அதை ரூட்டர் வழியா இன்டர்நெட்லயும் தொறந்து விட்டா எங்கயோ இருக்கறவன் ஹாஷ் குறி ஒண்ணு போட்டு உங்க ஊர் தொட்டி எல்லாத்தையும் பாப்பான், மோட்டாரும் போடுவான். வெளிய விடணும்னா தகவலை பூட்டி அனுப்பற டிஎல்எஸ் போட்டு 8883ன்ற வாசல்ல விடுங்க. அதோட, எந்த மெசேஜையும் நம்பி, தண்ணியில மிதந்து மோட்டாரை நிறுத்தற ஃப்ளோட் சுவிட்சை கழட்டாதீங்க, அது வயர்ல நேரா இருக்கட்டும்.

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மூணு மாவட்டத்துலயும் பாலிடெக்னிக்கு, ஐடிஐ, இன்ஜினியரிங் காலேஜுன்னு இருக்குது, ஒரு மத்தியான லேப் பீரியடு இதுக்கு ஒதுக்கினா போதும், ஒரு பழைய லேப்டாப்பும் ரெண்டு போர்டும் தவிர வேற செலவே இல்ல. மாணவர் பக்கத்துல ப்ராஜெக்ட் படம் போடும்போது உள்ள எது எதோட எப்படி பேசுதுன்னு நாலு வரி அந்த பசங்களையே தமிழ்ல எழுத சொல்லி போடுங்க ஐயா, பக்கத்து காலேஜ் பசங்க அதை பாத்து கத்துக்குவாங்க. எந்த காலேஜ்ல கூப்பிட்டாலும் லீவு நாள்ல வந்து சொல்லித் தர நான் தயார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
குடியாத்தம், வேலூர் மாவட்டம்.