யூடியூபரிடம் கேட்டதை ஆவணப்படக்காரரிடமும் கேளுங்கள்

ஆசிரியருக்கு,

வணக்கம். 'உதவி வீடியோ' எடுக்கும் யூடியூபர்களைக் கண்டித்து நீங்கள் சென்ற இதழில் வெளியிட்ட கட்டுரையை எங்கள் மாதர் சங்கத்தில் கூடியிருந்து வாசித்தோம். அரிசியும் மாவும் சீனியும் போட்ட பையைக் கையில் கொடுத்துவிட்டு, கணவர் எப்படிச் செத்தார், ஒரு நாளைக்கு எத்தனை வேளை சாப்பிடுகிறீர்கள் என்று கமராவுக்கு முன்னால் விசாரிப்பதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அத்தனையும் உண்மை. வெளிநாட்டில் இருக்கும் எங்கள் உறவுகள் நல்ல மனதோடு அனுப்பும் காசு அது. அந்தக் காசு போய்ச் சேர்ந்ததற்கு ஒரு பெண்ணின் முகம்தான் ரசீதா என்று நீங்கள் கேட்டது கேட்கவேண்டிய கேள்வி.

ஆனால் கட்டுரையின் கடைசியில், இதற்கு மாற்றாகப் பொறுப்புள்ள ஆவணப்படங்கள் வரவேண்டும் என்று முடித்திருந்தீர்கள். அதை என்னால் அப்படியே ஏற்க முடியவில்லை. சுனாமிக்குப் பிறகு, திருகோணமலை மாவட்டத்தில் எங்கள் மூதூர்ப் பக்கம் கமராவோடு வந்தவர்கள் கொஞ்சப் பேர் இல்லை. 2006இல் சண்டை தொடங்கிச் சம்பூர், ஈச்சிலம்பற்றுச் சனம் முழுக்க இடம்பெயர்ந்து கிளிவெட்டி, பட்டித்திடல் முகாம்களில் இருந்தபோதும் வந்தார்கள். 2009க்குப் பிறகு இன்னும் அதிகமாக வந்தார்கள். அவர்களில் நல்ல படிப்பும் நல்ல நோக்கமும் உள்ளவர்கள் பலர். யூடியூபர் கேட்கும் அதே கேள்விகளைத்தான் அவர்களும் கேட்டார்கள். குரல் மட்டும் மெதுவாக இருந்தது, கமரா பெரிதாக இருந்தது.

சம்மதம் வாங்கிவிட்டோம், கையெழுத்து இருக்கிறது என்பார்கள். அந்தக் கையெழுத்து எப்படிக் கிடைக்கிறது என்பதைப் பற்றித்தான் நான் எழுத நினைத்தேன். படக்குழு முதலில் கொழும்பிலோ திருகோணமலை டவுனிலோ உள்ள ஒரு தொண்டு நிறுவனத்தைப் பிடிக்கும். நிறுவனம் கிராம உத்தியோகத்தரிடமோ கோயில் தலைவரிடமோ சொல்லும். அவர்கள் ஓம் என்றால் ஊரே ஓம் என்ற மாதிரி. அதற்குப் பிறகுதான் யாருடைய வாழ்க்கையைப் படம் எடுக்கிறார்களோ அவருடைய வாசலுக்கு வருவார்கள். ஆங்கிலத்தில் ஒரு படிவம் நீட்டுவார்கள். அதில் உலகத்தில் எங்கும், எந்தக் காலத்திலும், எந்த வடிவத்திலும் இந்தக் காட்சிகளைப் பயன்படுத்தலாம் என்று இருக்கும். கொண்டுவந்தவர் "சும்மா ஒரு ஃபோர்மாலிட்டி" என்பார்.

ஆண்டுக்கணக்காக முகாமில் இருந்த ஒரு பெண்ணுக்குக் கையெழுத்து என்றால் என்ன என்பதை யோசித்துப் பாருங்கள். தறப்பாள் வாங்கக் கையெழுத்து, பருப்பு வாங்கக் கையெழுத்து, கூப்பன் பதியக் கையெழுத்து, காணிக்குத் திரும்பிப் போகக் கையெழுத்து. போடமாட்டேன் என்று சொன்னவளுக்கு எதுவும் கிடைத்ததில்லை. அப்படிப் பழகிய கை, யார் எதை நீட்டினாலும் போட்டுக்கொடுக்கும். சட்டப்படி அது சம்மதமாக இருக்கலாம். மனதறிந்து அதைச் சம்மதம் என்று என்னால் சொல்ல முடியாது.

காணாமல் ஆக்கப்பட்ட மகனைத் தேடும் ஒரு அம்மா எங்கள் சங்கத்தில் இருக்கிறார். ஒரு படக்குழு வந்து அவரை மகனுடைய படத்தைக் கையில் பிடித்தபடி கதைக்கச் சொன்னது. அவர் சொல்லி அழுது முடிந்த நேரம், ரோட்டால் போன மோட்டார் சைக்கிள் சத்தம் பதிந்துவிட்டது, இன்னொருக்கா சொல்லுங்கள் அம்மா என்றார்கள். சொன்னார். குழு போனபின் சிவில் உடுப்பில் இரண்டு பேர் வந்து, யார் வந்தது, என்ன கேட்டது, நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். அந்தப் படம் எந்த நாட்டில் ஓடியது என்று அவருக்கு இன்றுவரை தெரியாது. படம் எடுத்தவர் பாதுகாப்பைப் பற்றி யோசிக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. தன்னுடைய ஹார்ட் டிஸ்கை எப்படி விமான நிலையத்தைத் தாண்டிக் கொண்டுபோவது என்று நிறையவே யோசித்திருப்பார்.

வெருகலில் இருந்து மூதூர் கிழக்கு வரை, இலங்கையின் ஆதிக்குடிகளான வேடர்களில் ஒரு பிரிவான கடலோர வேடர் சமூகம் வாழ்கிறது. தமிழ் பேசுகிறார்கள், வலை போடுகிறார்கள், கூலி வேலைக்குப் போகிறார்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிறார்கள். அவர்களைப் படம் எடுக்க வருபவர்கள் தேடுவது வில்லையும் அம்பையும்தான். சடங்குக்குரிய காலம் இல்லை என்றாலும் சடங்கு செய்து காட்டச் சொல்கிறார்கள். இது இன்று நேற்று வந்த பழக்கம் இல்லை. 1911இல் வெளிவந்த செலிக்மன் தம்பதியின் 'வேடர்கள்' என்ற ஆய்வு நூலிலேயே, வெளியாட்கள் பார்க்க வரும்போது வழக்கமான உடுப்பைக் கழற்றிவிட்டுக் கோவணத்தோடு வந்து நிற்கப் பழகிப்போன வேடர்களைப் பற்றிய குறிப்பு இருக்கிறது. கடலோர வேடரைப் பற்றியும் அதே நூலில் எழுதியிருக்கிறார்கள். ஆவணப்படத்தின் தொடக்கம் என்று கொண்டாடப்படும் 'நனூக் ஆஃப் த நோர்த்', 1922இல் வந்தது. கனடாவின் வடகோடியில், துப்பாக்கியால் வேட்டையாடப் பழகியிருந்த இனுயிட் என்ற ஆதிக்குடி மனிதரை அதில் எறியீட்டியோடு நிற்கவைத்தார் ராபர்ட் ஃபிளஹர்ட்டி. நனூக் என்பது அந்த மனிதரின் பெயரும் இல்லை. அவருடைய பெயர் அல்லகரியல்லக்.

இதில் யாருக்கு என்ன நட்டம் என்று கேட்கலாம். எங்கள் பக்கத்தில் 'வேடன்' என்று சொல்லித்தான் வகுப்பில் பிள்ளைகளைச் சீண்டுகிறார்கள். தாங்கள் யார் என்பதைப் பெருமையாகச் சொல்லும் பெரியவர்களும் இருக்கிறார்கள். பிள்ளைக்கு அந்தப் பெயர் ஒட்டக்கூடாது என்று நினைக்கும் தாய்மாரும் அதே குடும்பங்களில் இருக்கிறார்கள். எதைச் சொல்வது, எப்போது சொல்வது என்பது அவர்கள் தங்களுக்குள் பேசி முடிவெடுக்கவேண்டியது. முன்பு படம் ஐரோப்பாவில் ஏதோ ஒரு விழாவில் ஓடிவிட்டு அங்கேயே கிடக்கும். இப்போது அதிலிருந்து வெட்டிய துண்டு அன்றைக்கே பக்கத்து வீட்டுப் பையனின் போனில் வந்துவிடுகிறது. ஆதிக்குடிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. பிரகடனத்தை 2007இல் இலங்கையும் ஆதரித்து வாக்களித்தது. அந்த மக்களின் பண்பாட்டுச் செல்வங்களை அவர்களுடைய சுதந்திரமான, முன்கூட்டிய, விவரம் அறிந்த சம்மதம் இல்லாமல் எடுத்தால் அதற்குப் பரிகாரம் வேண்டும் என்று அதன் 11ஆம் உறுப்புரை சொல்கிறது. அதை வாசித்துவிட்டு வந்த படக்குழு எதையும் நான் இன்னும் சந்திக்கவில்லை.

காசு விடயத்தையும் சொல்லிவிடுகிறேன். பணம் கொடுத்தால் உண்மை கெட்டுப்போகும் என்கிறார்கள். கமராக்காரருக்குச் சம்பளம், வான் சாரதிக்குச் சம்பளம், மொழிபெயர்ப்பவருக்குச் சம்பளம். கடலுக்குப் போகாமல் நாள் முழுக்க வெயிலில் நின்று காட்டிய மனிதருக்கு மட்டும் நன்றி. அந்த நாளின் உழைப்பைக் கொடுத்துவிட்டுப் போவது லஞ்சம் ஆகாது.

எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று: படத்தை வெளியே காட்டுவதற்கு முன், எடுத்த ஊரில் காட்டுங்கள். இது நடக்காத காரியம் இல்லை. பிரெஞ்சுக்காரர் ஜான் ரூஷ் 1950களில் நைஜரில், நீர்யானை வேட்டையைப் பற்றி எடுத்த படத்தை வேட்டைக்காரர்களிடமே கொண்டுபோய்த் திரையிட்டார். அவர்கள் பார்த்துவிட்டு ஒரு குறை சொன்னார்கள். வேட்டைக் காட்சிக்குப் பின்னால் இசை போட்டிருக்கிறாய், நீர்யானைக்குக் காது கூர்மை, அந்தச் சத்தத்துக்கு அது ஓடிப்போயிருக்கும் என்றார்கள். அந்த மாதிரிப் பின்னணி இசை மேல் ரூஷுக்கு இருந்த நம்பிக்கையே அதோடு போய்விட்டது. எங்கள் ஊரிலும் இதே மாதிரி ஒன்று நடந்தது. கரைவலை இழுப்பதைப் பற்றி யாரோ எடுத்த படத்தைப் பையன்கள் போனில் இறக்கிக் காட்டினார்கள். வலை இழுக்கும்போது பாடும் அம்பாவை எடுத்துவிட்டு ஒரு சோக வயலினைப் போட்டிருந்தது. "நாங்க சிரிச்சிச் சிரிச்சித்தானே மகன் பாடி இழுத்த. ஏன் செத்த வீடு மாதிரி ஆக்கி வெச்சிருக்காங்க?" என்று கேட்டார் ஒரு பெரியவர். படத்தை முடிப்பதற்கு முன் அவரிடம் காட்டியிருந்தால் படமும் நன்றாக வந்திருக்கும், அந்த மனிதரும் தன்னைத் தானாகப் பார்த்திருப்பார்.

படம் பிடிக்கப்பட்டவர்களிடம் வெட்டும் உரிமையைக் கொடுத்தால் உண்மை வெளியே வராது என்ற பயம் சிலருக்கு இருக்கிறது. எனக்கும் அந்த அக்கறை உண்டு. தமிழ்நாட்டில் கையால் மலம் அள்ளும் தொழிலாளர்களைப் பற்றித் திவ்யபாரதி எடுத்த 'கக்கூஸ்' படத்தை 2017இல் திரையிட விடாமல் பொலிஸ் தடுத்தது. அவர் அதை யூடியூபில் போட்டார். அவர் செய்தது சரி. அதிகாரத்தில் இருப்பவனிடம் போய், உன்னைப் பற்றிய காட்சியை வைக்கட்டுமா என்று கேட்கத் தேவையில்லை. அரசாங்கத்தின் தணிக்கை இன்னும் கூடவேண்டும் என்றும் நான் கேட்கவில்லை. தணிக்கைச் சபை பார்ப்பது அரசுக்கு என்ன ஆகும் என்பதை. கிளிவெட்டி அம்மாவுக்கு என்ன ஆகும் என்பதை அது என்றைக்கும் பார்த்ததில்லை.

பலமுள்ளவனுக்கும் பலமில்லாதவருக்கும் ஒரே அளவுகோல் வைக்க முடியாது. நாஜி வதைமுகாம்களைப் பற்றி குளோட் லான்ஸ்மான் எடுத்து 1985இல் வெளிவந்த 'ஷோவா'வில் இரண்டையும் பார்க்கலாம். ட்ரெப்ளிங்கா முகாமில் எஸ்.எஸ். என்ற நாஜிப் படையின் காவலனாக இருந்த ஒருவனிடம் பெயரை வெளியிடமாட்டேன் என்று சொல்லிவிட்டு, மறைத்துவைத்த கமராவால் அவனைப் படம் பிடித்தார். அதே முகாமில் சாகப்போகிறவர்களின் தலைமுடியை வெட்டும்படி கட்டாயப்படுத்தப்பட்டு, பின்பு உயிர் தப்பிய ஆபிரகாம் பொம்பா, கதைக்க முடியாமல் திணறி வேண்டாம் என்றபோதும், சொல்லத்தான் வேண்டும் என்று அவரை வற்புறுத்தினார். முதலாவதை நான் முழுமனதாக ஏற்கிறேன். இரண்டாவதால் வரலாற்றுக்கு ஒரு பெரிய சாட்சியம் கிடைத்தது என்பார்கள். கிடைத்தது, உண்மைதான். ஆனாலும் வேண்டாம் என்று அவர் சொன்ன இடத்தில் கமராவை நிறுத்தியிருக்கவேண்டும் என்றுதான் நான் இப்போதும் நினைக்கிறேன். எங்கள் அம்மாமார் திணறும்போது பக்கத்தில் இருந்து தண்ணீர் கொடுத்தவள் நான்.

ஆகவே உங்களிடம் ஒன்று கேட்கிறேன். இனி உங்கள் பத்திரிகையில் ஒரு ஆவணப்படத்துக்கு விமர்சனம் எழுதும்போது, ஒளிப்பதிவு எப்படி, எந்த விழாவில் என்ன விருது என்பதோடு சேர்த்து இரண்டு விடயங்களை இயக்குநரிடம் விசாரித்துப் போடுங்கள். படத்தில் இருப்பவர்கள் படத்தைப் பார்த்துவிட்டார்களா? பார்த்தபின் வேண்டாம் என்று அவர்கள் சொன்ன காட்சி நீக்கப்பட்டதா? பதில் கிடைக்கவில்லை என்றால், கிடைக்கவில்லை என்று போடுங்கள். திருகோணமலைப் பக்கம் எடுத்த படமாக இருந்தால் எங்கள் சங்கத்துக்கு அனுப்புங்கள். மண்டபம் இருக்கிறது, ப்ரொஜெக்டரை வாடகைக்கு எடுக்கலாம், ஆட்களைக் கூப்பிட்டுப் போட்டுக்காட்டி, அவர்கள் சொல்வதை எழுதி அனுப்புவது எங்கள் பொறுப்பு.

இப்படிக்கு,
வாசகி, மூதூர்
(பெயரை வெளியிட வேண்டாம்)