பிப்ரவரி 14 ஆர்டர்கள் பற்றி ஒரு விளக்கம்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். காதலர் தினம் நெருங்குகிறது. கல்லாவுக்கு முன்னால் வாக்குவாதம் வேண்டாமே என்று சில விஷயங்களை முன்கூட்டியே எழுதுகிறேன். மகள் எம்.பி.ஏ. முடித்துக் கடைக்கு வந்த பிறகு இங்கே எல்லாவற்றுக்கும் ஒரு கம்பெனிப் பெயர் வந்துவிட்டது. உங்கள் காதலும் தப்பவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் விலை. பிச்சியும் அரளியும் தோவாளைச் சந்தையில் கிடைத்துவிடும். பொக்கேவுக்கு வேண்டிய நீளத் தண்டு ரோஜா ஓசூர், பெங்களூர் பக்கமிருந்து வர வேண்டும். பிப்ரவரி தொடக்கத்தில் அங்கே நல்ல பூவெல்லாம் வெளிநாட்டுக்கு ஏறிவிடும். மிச்சத்துக்குத்தான் நாங்கள் அடித்துக்கொள்கிறோம். தை, மாசி முகூர்த்தங்கள் ஒரு பக்கம். தவக்காலத்தில் சர்ச்சில் கல்யாணம் வைப்பது வழக்கமில்லை என்பதால் அதற்குள் முடிக்க அவசரப்படுகிறவர்கள் இன்னொரு பக்கம். பனியில் மல்லிகை வரத்தும் குறைவு. இதற்கு நடுவில் வந்து, "அக்கா, ஸ்டூடண்ட் டிஸ்கவுண்ட் உண்டா?" என்றால் நான் என்ன சொல்வது?

ஆர்டர் கொடுக்கும்போதே பாதிப் பணம் கட்ட வேண்டும். 'காதலுக்கும் அட்வான்ஸா?' என்று முகம் சுளிப்பவர்கள் கன்னியாகுமரிக்குப் போய் 133 அடி வள்ளுவரைப் பார்த்துவிட்டு வாருங்கள். அவரே பொருளுக்கு 70 அதிகாரம் எழுதி முடித்த பிறகுதான் காதலுக்கு வந்தார். அதற்குக் கொடுத்ததும் 25 தான்.

சரி, மகளின் அகராதி. ஒற்றை ரோஜா என்பது சாம்பிள். அதை அவர் வாங்கிக்கொண்டதாலேயே ஆர்டர் கிடைத்ததாக நினைக்க வேண்டாம். சாம்பிளை யாரும் வாங்குவார்கள். "யோசிச்சுச் சொல்றேன்" என்றால் கொட்டேஷன் பரிசீலனையில் இருக்கிறது. அந்த நேரத்தில் தினமும் பத்துத் தடவை குட் மார்னிங் அனுப்பிவிட்டு அதை ஃபாலோ-அப் என்கிறீர்கள். கந்துவட்டிக்காரர்கூட அத்தனை தடவை கூப்பிடுவதில்லை. "நாம ஃப்ரெண்ட்ஸாவே இருப்போம்" என்றால் டெண்டர் தள்ளுபடி, டெபாசிட்டும் திரும்பாது.

சிலர் மூன்று பொக்கே, மூன்று விலாசம் என்று கொடுக்கிறார்கள். பங்குச் சந்தையில் ரிஸ்க்கைப் பிரித்து வைப்பது புத்திசாலித்தனமாம். நாகர்கோவிலில் அந்த மூன்று பேருக்கும் பொதுவாக ஒரு சித்தியாவது இருப்பார்.

கே.ஒய்.சி., அதாவது ஆள் யார் என்று சரிபார்ப்பது பற்றியும் சொல்ல வேண்டும். வங்கிக்கு ஆதாரும் பான் கார்டும் போதும். நம்மூரில் பையன் எப்படி என்று தெரிந்துகொள்ளப் பெண்ணின் அம்மா ஆட்டோ ஸ்டாண்டில் தொடங்கி, டீக்கடை, மெடிக்கல் ஸ்டோர், எட்டாம் வகுப்பு வாத்தியார், கோயில் கமிட்டி வரை போய்விடுவார். மார்த்தாண்டம் மேம்பாலத்தில் பைக்கின் பின்சீட்டில் யார் இருந்தார் என்பது நீங்கள் தக்கலை வந்து சேர்வதற்குள் வீட்டுக்குத் தெரிந்திருக்கும். எந்த ஆடிட்டரும் இவ்வளவு வேகமாகக் கணக்கு முடித்து நான் பார்த்ததில்லை. இதையும் தாண்டி வந்தால் நிச்சயதார்த்தம், அதாவது ஒப்பந்தம். கல்யாணம் என்பது இரண்டு கம்பெனிகளின் இணைப்பு. இணைப்புக்கு முன் யாருக்கு எவ்வளவு கடன் இருக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். இதை மட்டும் நான் சிரிக்காமல் சொல்கிறேன்.

அப்புறம், திருப்பிக் கொடுப்பது. "அவ வாங்கல, அக்கா" என்று பொக்கேயோடு வந்து நிற்கும் தம்பிகளே, எனக்கும் வருத்தம்தான். ஆனால் குளிரில் இருந்த ரோஜா உங்கள் பைக்கில் வெயில் வாங்கி வந்தபின் இன்னொருவருக்கு விற்க முடியாது. பணம் திரும்பாது. வேண்டுமானால் அம்மாவுக்கு இரண்டு முழம் பிச்சி இலவசமாகத் தருகிறேன். அந்த வாடிக்கையாளரிடமிருந்து இதுவரை புகார் வந்ததில்லை.

ஆர்டர்களை 10-ஆம் தேதிக்குள் கொடுத்துவிடுங்கள். டெலிவரி நாகர்கோவில் நகருக்குள் மட்டும். கல்லூரி வாசலில் கொடுக்க மாட்டோம். வாட்ச்மேன் எங்கள் பையனை இரண்டு தரம் விரட்டிவிட்டார். ஒரே ஆளுக்கு இரண்டு பேர் பொக்கே அனுப்பினால், முதலில் பணம் கட்டியவருடையது முதலில் போகும். மற்றவரிடம் நாங்கள் எதுவும் சொல்லமாட்டோம்.

இப்படிக்கு,
பூக்கடை அக்கா,
வடசேரி, நாகர்கோவில்