முதலில் வருவேன், அப்புறம்தான் திட்டுவேன்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். தேர்வு, மதிப்பெண் பற்றி அடிக்கடி எழுதுகிறேன். இன்று எழுதுவது அதைவிடச் சங்கடமான விஷயம்: பதின்வயதுப் பிள்ளைகளும் குடியும்.

சில ஆண்டுகளுக்கு முன் என் மாணவன் ஒருவன், நண்பன் வீட்டில் முதல்முறையாகக் குடித்தான். அளவு தெரியாமல் குடித்ததில் நினைவு தப்பிவிட்டது. கூட இருந்தவர்களுக்கு அவனைப் பார்த்து வந்த பயத்தைவிட, வீட்டுக்குத் தெரிந்துவிடுமே என்ற பயம்தான் பெரிதாக இருந்தது. "தூங்கினா சரியாயிடும்" என்று அவனைப் படுக்க வைத்துவிட்டார்கள். கடைசியில் ஒரு பையன் மட்டும் தன் அம்மாவுக்குப் போன் செய்தான். அந்த அம்மா ஓடிவந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதால் பிள்ளை பிழைத்தான். "உனக்கு மட்டும் எப்படிப்பா தைரியம் வந்தது?" என்று பிறகு கேட்டேன். "எங்கம்மா முதல்ல வருவாங்க, அப்புறம்தான் திட்டுவாங்க சார்" என்றான்.

உங்கள் பிள்ளையும் உங்களைப் பற்றி இப்படிச் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

தூங்கினால் சரியாகிவிடாது. குடிப்பதை நிறுத்திய பிறகும் வயிற்றில் இருக்கும் மது ரத்தத்தில் ஏறிக்கொண்டே இருக்கும். ஈரல் அதைத் தன் வேகத்தில்தான் கரைக்கும். காபியோ குளிர்ந்த நீரோ அந்த வேகத்தைக் கூட்டாது. மயக்கத்தில் மல்லாந்து கிடப்பவருக்கு வாந்தி மூச்சுக்குழலை அடைத்துவிடலாம், மூச்சே மெல்ல அடங்கிவிடலாம். அப்படி ஒருவரைக் கண்டால் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், தனியே விடக் கூடாது, உடனே ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். சொன்னால் குடிக்கத் தூண்டியது போல ஆகிவிடுமோ என்று தயங்க வேண்டாம்.

"வெளியில் கற்றுக்கொள்வதற்குப் பதிலாக வீட்டிலேயே கொஞ்சம் கொடுத்துப் பழக்கினால் என்ன?" என்று சில பெற்றோர் என்னிடம் கேட்டதுண்டு. நல்ல எண்ணத்தில்தான் கேட்கிறார்கள். ஆனால் ஆஸ்திரேலியாவில் பதின்வயதினரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வில், பெற்றோர் கையால் வாங்கிக் குடித்தது பிள்ளைகளுக்கு எந்தப் பாதுகாப்பும் தரவில்லை என்றே தெரிந்தது. யோசித்து முடிவெடுக்கும் மூளைப் பகுதி முழுதாக வளர இருபத்தைந்து வயது வரை ஆகிறது. 15 வயதுக்கு முன்பே தொடங்குகிறவர்கள் பின்னாளில் குடிக்கு அடிமையாகும் வாய்ப்பும் பல மடங்கு அதிகம். அதனால் தொடக்கத்தை ஒரு வருடம் தள்ளிப்போட முடிந்தாலும் அது லாபம்தான்.

தள்ளிப்போட முடியுமா? ஐஸ்லாந்தில் முடிந்தது. 1998இல் அங்கே 15, 16 வயதுப் பிள்ளைகளில் 42 சதவீதம் பேர், முந்தைய ஒரு மாதத்தில் போதையாகும் அளவுக்குக் குடித்திருந்தார்கள். 2016இல் அது 5 சதவீதமாகக் குறைந்தது. வெறும் அறிவுரையால் வந்த மாற்றம் இல்லை இது. பெற்றோர் பிள்ளைகளோடு கூடுதல் நேரம் செலவழித்தார்கள். மாலையில் விளையாட்டு, இசை என்று போக இடம் உண்டாக்கினார்கள். இரவில் எத்தனை மணிவரை வெளியே இருக்கலாம் என்பதற்குச் சட்டமே இருந்தது. இவற்றோடு, பெற்றோர் தங்களுக்குள் பேசி, ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது இந்தக் கையெழுத்துதான். "எல்லார் வீட்டுலயும் விடுறாங்க, நீங்க மட்டும்தான்" என்று பிள்ளை சொல்லும்போது நாம் தளர்ந்துபோகிறோம். அந்த 'எல்லார் வீட்டிலும்' அன்றிரவே அதே வசனம் ஓடிக்கொண்டிருக்கும். நாம் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வதில்லை, அவ்வளவுதான். உங்கள் பிள்ளையின் நெருங்கிய நண்பர்கள் நாலைந்து பேரின் பெற்றோருடைய எண்கள் உங்கள் போனில் இருக்கின்றனவா என்று தயவுசெய்து பாருங்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். வீட்டில் பெரியவர்கள் குடிப்பதுண்டு என்றால், கிளாஸ் எடுத்துவரப் பிள்ளையை அனுப்பாதீர்கள். "இன்னைக்கு ஒரே டென்ஷன், கொஞ்சம் போட்டாத்தான் சரியாகும்" என்று அவர்கள் காதுபடச் சொல்லாதீர்கள். டென்ஷன் அவர்களுக்கும் உண்டு.

பிள்ளை ஏற்கெனவே குடித்துவிட்டு வந்தால், அன்றிரவு அவனோ அவளோ பத்திரமாக இருக்கிறார்களா என்று மட்டும் பாருங்கள். போதையில் இருப்பவரிடம் பேசிப் பயனில்லை. மறுநாள் காலை உட்கார்ந்து பேசுங்கள். தப்பு தப்புதான் என்று சொல்லுங்கள். அதோடு, எது அங்கே இழுத்தது என்றும் கேளுங்கள். தனிமை, தேர்வு பயம், நண்பர்கள் ஒதுக்கிவிடுவார்களோ என்ற கவலை, எதுவாகவும் இருக்கலாம். என்னிடம் வந்து பேச நினைத்தால் வாருங்கள். தண்டனை தருவதற்காக எதையும் கேட்க மாட்டேன்.

அடுத்த பெற்றோர் கூட்டத்துக்கு ஒரு தாள் கொண்டுவருகிறேன். மூன்றே வரிகள்: எங்கள் வீட்டில் கூடும் பிள்ளைகளுக்கு மது கிடைக்காது. அவர்கள் கூடும்போது பெரியவர் ஒருவர் வீட்டில் இருப்பார். எந்தப் பிள்ளை எந்த நேரத்தில் கூப்பிட்டாலும் போய் அழைத்துவருவோம். படித்துப் பார்த்து, சரி என்று பட்டால் கையெழுத்துப் போடுங்கள். மாற்ற வேண்டும் என்றால் அங்கேயே பேசி மாற்றுவோம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்