கார்டா ஏரிக்கரையில் கைகொடுத்த டச்சுப் பெரியவருக்கு நன்றி

வடஇத்தாலியில், கார்டா ஏரிக்கரை கேம்பிங் தளத்தில் காரின் பின்னால் இழுத்துச் செல்லும் எங்கள் கேரவன் வீட்டை இடம் சேர்த்துத் தந்த பெரியவரே, மனமார்ந்த நன்றி.

அந்தப் பக்கத்துத் தளங்கள் பலவற்றில் மதியம் ஓய்வு நேரம். வண்டி ஓட்டக் கூடாது. வாசல் தடுப்பு இறங்கச் சில நிமிடமே இருக்க, ஏழு மீட்டர் கேரவனோடு ஆலிவ் மரங்களுக்கு நடுவே குறுக்கே மாட்டிக்கொண்டு நின்றோம். சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு ஓடி வந்தீர்கள். காரைக் கழற்றச் சொல்லி, கேரவனின் முன்பக்கச் சிறு சக்கரத்தை இறக்கி, பக்கத்துக் கூடாரத்து இளைஞர்களையும் கூப்பிட்டு, கையாலேயே தள்ளித் திருப்பினீர்கள். சக்கரத்துக்கு அடியில் கட்டை வைத்து மட்டம் பார்த்ததும் நீங்கள்தான். "கரண்ட் 6 ஆம்பியர்தான், ஏசியையும் கெட்டிலையும் சேர்த்துப் போடாதே" என்று மிரட்டல் வேறு!

மாலையில் கொடுத்த சுண்டலில் காரம் கொஞ்சம் தூக்கல். கண்ணைத் துடைத்துக்கொண்டே கிண்ணத்தைக் காலி செய்தீர்களே, அதற்கும் நன்றி ஐயா.