உயிலுக்கு வக்கீல் வேண்டாம், சாட்சி வேண்டும்

ராமநாதபுரம் கடற்கரை ஊர்களின் மீனவர் சங்க நிர்வாகிகளுக்கும், ஜமாத் பெரியவர்களுக்கும், தேவாலயப் பங்குப் பேரவையினருக்கும் வணக்கம்.

பாம்பனில் கணினி வைத்து மனுவும் பத்திரமும் தட்டச்சு செய்து பிழைப்பவன் நான். அண்மைக்காலமாகச் சிலர் கைப்பேசியை நீட்டி, "தம்பி, உயிலை ஆன்லைனிலேயே முடித்துவிட்டேன், ஒரு பிரிண்ட் மட்டும் போட்டுக் கொடு" என்கிறார்கள். வாங்கிப் பார்த்தால் வாசகம்தான் முடிந்திருக்கிறது, உயில் முடியவில்லை. மிச்சமிருக்கும் வேலை உங்கள் மன்றங்களில் நடக்க வேண்டியது என்பதால் இந்த மடல்.

உயில் எழுத வக்கீல் தேவையில்லை. முத்திரைத்தாளும் தேவையில்லை, வெள்ளைத்தாள் போதும். பதிவுகூடக் கட்டாயமில்லை; 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் அதை அவரவர் விருப்பத்துக்கு விட்டிருக்கிறது. இணையதளம் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் கொடுத்து வாசகத்தைத் தயாரிப்பதிலும் தவறில்லை. 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் பிடிவாதம் பிடிப்பது 63-ஆம் பிரிவில்தான். எழுதுகிறவர் கையெழுத்தோ கைரேகையோ வைக்க வேண்டும். இரண்டு சாட்சிகளாவது அதைக் கண்ணால் பார்த்திருக்க வேண்டும், அல்லது அது தன்னுடையதுதான் என்று அவரே அவர்களிடம் ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். சாட்சிகளும் அவர் முன்னிலையில் கையெழுத்திட வேண்டும்.

மின்கையொப்பத்துக்கு மதிப்புக் கொடுத்த 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், தன் முதல் அட்டவணையில் உயிலை விலக்கி வைத்துவிட்டது. ஆகவே ஆதார் ஓடிபி போட்டு ஒப்பமிட்டாலும் அது உயிலாகாது. காணொளி எடுத்து வைத்தால், எழுதியவர் தெளிந்த புத்தியோடு இருந்தார் என்று காட்ட உதவும், அவ்வளவுதான்.

தங்கச்சிமடம் பக்கத்திலிருந்து வந்த ஒரு சகோதரியின் கைப்பேசியில் இருந்த உயில் பார்க்க அழகாக இருந்தது. தலைப்பைச் சுற்றித் தங்கநிறக் கோடு, கடைசிப் பக்கத்தில் பச்சை டிக் குறியோடு கணவரின் பெயர். அதற்குக் கீழே "சாட்சிகள்" என்று போட்டு, எதுவும் எழுதப்படாத இரண்டு கோடுகள். கணவர் இறந்துவிட்டார். வீட்டை மனைவிக்கு மட்டும் என்றுதான் எழுதியிருந்தார். ஆனால் சட்டத்தின் கண்ணில் அவர் உயில் எழுதாமலே போனவர். 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் இறந்தவரின் தாய்க்கும் சமபங்கு. மாமியாரும் மருமகளும் பேசிக்கொள்வதில்லை. படிவத்துக்குக் கட்டிய பணம் போனதுதான் மிச்சம். அந்த நிறுவனத்தைத் திட்டவும் வழியில்லை. "அச்சடித்துச் சாட்சிகள் முன் கையெழுத்திடவும்" என்று நடுவில் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கத்தான் செய்தது.

இந்தப் படிவங்கள் நம் கரைக்காகச் செய்யப்பட்டவை அல்ல. பங்குச்சந்தை டீமேட் கணக்கு எண்ணைக் கேட்கும், அடுக்குமாடி எத்தனையாவது தளம் என்று கேட்கும். வல்லத்தைக் கேட்காது, எஞ்சினையும் வலையையும் கேட்காது. படகை மீன்வளத்துறை கொடுத்த பதிவு எண்ணோடு எழுத வேண்டும். இரண்டு பேர் பங்கு போட்டு வாங்கிய படகென்றால் தன் பங்கை மட்டும்தான் எழுதலாம். வியாபாரியிடம் வாங்கிய முன்பணம் பாக்கி இருந்தால் அதைத் தீர்த்த பிறகுதான் பங்கீடு. புறம்போக்கில் கட்டிய வீட்டின் மண்ணை யாருக்கும் எழுதிவைக்க முடியாது. பட்டா இல்லாத குடும்பங்கள் இதைத் தெரிந்துகொண்டு எழுதட்டும். வங்கியில் நாமினி போட்டாயிற்றே என்பவர்களுக்கு ஒரு வார்த்தை: நாமினி பணத்தைப் பெற்றுக்கொள்கிறவர் மட்டுமே, அது வாரிசுகளுக்குச் சேர வேண்டிய பணம்.

மதத்துக்கு மதம் விதி வேறு. கீழக்கரை, பெரியபட்டினம், தேவிபட்டினம் ஜமாத்தார் இதைக் கவனிக்க வேண்டும். முஸ்லிம்களுக்கு 63-ஆம் பிரிவு பொருந்தாது. வாய்மொழி உயில்கூடச் செல்லும். ஆனால் அடக்கச் செலவும் கடனும் போக மீதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வாரிசுகளின் சம்மதம் இல்லாமல் எழுத முடியாது. வாரிசாக உள்ள ஒருவருக்கு எழுதினால் மற்ற வாரிசுகளின் சம்மதமும் வேண்டும். "என் சொத்து முழுவதும் என் மனைவிக்கு" என்று அச்சாகி வரும் படிவம் இதையெல்லாம் அறியாது. கிறிஸ்தவர்கள் கவனிக்க வேண்டியவை வேறு. சாட்சி போட்டவருக்கோ அவருடைய கணவன், மனைவிக்கோ உயிலில் ஏதாவது எழுதியிருந்தால் அந்தப் பங்கு செல்லாது. கல்யாணத்துக்கு முன் எழுதிய உயில் கல்யாணத்தோடு ரத்தாகிவிடும். இந்துக்களுக்கு இந்த இரண்டு விதியும் இல்லை என்றாலும், பயன்பெறுகிறவரே சாட்சியாக நின்றால் நீதிமன்றம் சந்தேகக் கண்ணோடுதான் பார்க்கும்.

1925-ஆம் ஆண்டின் வாரிசுரிமைச் சட்டத்தின் 65, 66-ஆம் பிரிவுகளில் ஒரு வேடிக்கை உண்டு. கடலில் இருக்கும் மாலுமி வாய்மொழியாகவே உயில் சொல்லலாம், இரண்டு பேர் கேட்டிருந்தால் போதும். இந்தச் சலுகை இந்துக்களுக்குக் கிடையாது. மீன் பிடிக்கப் போனவர் மாலுமிதானா என்று வழக்காடும் நிலைக்கு எந்தக் குடும்பத்தையும் தள்ளாதீர்கள். கரையில் எழுதுவதே நல்லது.

சாட்சி விஷயத்தில் நம் ஊர்களுக்கென்று ஒரு எச்சரிக்கை. ஒரே படகில் தொழிலுக்குப் போகிற இரண்டு பேரைச் சாட்சியாகப் போடாதீர்கள். எழுதினவரும் அதே படகு என்றால் சொல்லவே வேண்டாம். வழக்கென்று வந்தால், உயிரோடு இருக்கும் சாட்சிகளில் ஒருவராவது கூண்டேறித்தான் உயிலை நிரூபிக்க வேண்டும். எழுதுகிறவரைவிட வயதில் இளையவராக, கரையில் வேலை பார்ப்பவராகத் தேடுங்கள்.

இனி என் வேண்டுகோள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும், ஆண்கள் வீட்டில் இருப்பார்கள். அதில் ஒரு நாள் உங்கள் மன்றத்தைத் திறந்துவிடுங்கள். எழுதப் படிக்கத் தெரிந்த இருவரைச் சாட்சிகளாக உட்கார வையுங்கள். நிர்வாகிகள் யாரும் எந்த உயிலிலும் பயன்பெறுபவராக இருக்கக் கூடாது. என்ன எழுத வேண்டும் என்று யோசனை சொல்லவும் கூடாது. யார் எழுதினார், தாள் எங்கே இருக்கிறது என்று மட்டும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். வீட்டில் வைக்கப் பயப்படுகிறவர்கள் முத்திரையிட்ட உறையில் மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைக்கலாம். பதிவுச் சட்டத்தில் அதற்கு வழி இருக்கிறது. பெண்களையும் கூப்பிடுங்கள். தன் பெயரில் வீடு வைத்திருக்கும் விதவைகள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள், அவர்களிடம் யாரும் உயில் பேச்சை எடுப்பதில்லை.

இரண்டு குடும்பம் உள்ளவர்கள், பூர்வீகச் சொத்தில் ஏற்கெனவே தகராறு உள்ளவர்கள், தன்னைத்தானே கவனித்துக்கொள்ள முடியாத பிள்ளை உள்ளவர்கள் வக்கீலிடமே போகட்டும். அங்கே சிக்கனம் பார்க்க வேண்டாம்.

மற்றவர்களுக்குத் தட்டச்சு செய்துதர நான் வருகிறேன், கூலி வேண்டாம். தாளும் மையும் சங்கக் கணக்கில் வாங்கிக்கொள்ளுங்கள். எந்தத் தேதி என்று மார்ச் மாதக் கூட்டத்திலேயே முடிவு செய்து சொல்லிவிட்டால், கடையை அன்றைக்கு அடைத்துவிட்டு வர வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
பாம்பன் தட்டச்சுக்காரன்